விண்ணப்பம் போடவே இருபத்தைந்தாயிரம்: உயர்கல்வித் துறைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய உயர்கல்வித் துறைச் செயலர் அவர்களுக்கும், கல்லூரிக் கல்வி இயக்ககத்தாருக்கும், பல்கலைக்கழகத் துணைவேந்தர்களுக்கும், தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர்களுக்கும் வணக்கம்.

அரசுக் கலை அறிவியல் கல்லூரி ஒன்றில் பத்தொன்பது வருடமாக வேதியியல் நடத்துகிறவன் எழுதுகிறேன். ஊர்ப் பெயர் வேண்டாம். மாவட்டத் தலைநகரிலிருந்து டவுன் பஸ்ஸில் ஒன்றேகால் மணி நேரம், கடைசி பஸ் எட்டே முக்காலுக்கு என்று சொன்னால் எப்படிப்பட்ட ஊர் என்று புரிந்துவிடும். வெளிநாட்டு உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைகளுக்கு ஏழெட்டு வருடமாகக் கூடமாட உதவி செய்து வருகிறேன். கல்லூரி என்னிடம் ஒப்படைத்த வேலை இல்லை. ஒருத்திக்குச் செய்தேன், அடுத்த வருடம் மூன்று பேர் வந்து நின்றார்கள், அப்படியே ஒட்டிக்கொண்டது.

இத்தனை வருடத்தில் கண்டதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என்னிடம் வந்த பிள்ளைகளில் உதவித்தொகைத் தேர்வில் போட்டியிட்டுத் தோற்றவர்கள் கொஞ்சம் பேர்தான். பெரும்பாலானவர்கள் அந்தப் போட்டிக்குள் நுழையவே இல்லை. மொழிச் சான்றிதழ் கேட்ட இடத்தில் நின்றுவிட்டார்கள். நின்றதற்குக் காரணம் மொழி தெரியாதது பாதி. சான்றிதழ் வாங்கக் காசும் காகிதமும் இல்லாதது மீதி. அந்த மீதிப் பாதியைப் பற்றித்தான் இந்த மடல்.

ஒரு மாணவியின் கதையைச் சொல்கிறேன். செல்வி என்று வைத்துக்கொள்வோம். அவள் பெயர் அதில்லை. அப்பா கொத்தனார். அம்மா நூறு நாள் வேலைக்குப் போகிறவர். செல்வி எம்.எஸ்சி. இரண்டாம் ஆண்டு படித்தபோது, 2023 டிசம்பரில், ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் முண்டஸ் திட்டத்தில் ஒரு முதுகலைப் படிப்பைக் கண்டுபிடித்துக்கொண்டு வந்தாள். மாதம் 1,400 யூரோ உதவித்தொகை. இரண்டு வருடம், இரண்டு மூன்று நாட்டுப் பல்கலைக்கழகங்களில் மாறி மாறிப் படிக்கலாம். விண்ணப்பக் கட்டணம் கிடையாது. மதிப்பெண் இருக்கிறது. நான் பரிந்துரைக் கடிதம் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். கடைசித் தேதி ஜனவரி நடுவில். ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வில் மதிப்பெண் 6.5 வேண்டும்.

ஒரு சனிக்கிழமை மாலை, துறைக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து தேர்வுக்குப் பதிவு செய்யத் தொடங்கினாள். இரண்டாவது பக்கத்தில் பாஸ்போர்ட் எண் கேட்டது. ஆதார் எண்ணைப் போடலாமா சார் என்றாள். போட முடியாது, இந்தியாவில் இந்தத் தேர்வு எழுத பாஸ்போர்ட் ஒன்றே அடையாள ஆவணம். அவள் வீட்டில் யாரும் பாஸ்போர்ட் எடுத்ததில்லை. 1,500 ரூபாய் கட்டி, அஞ்சலகத்தில் இருக்கும் சேவை மையத்தில் நாள் வாங்கி, போலீஸ் விசாரணை முடிந்து கைக்கு வரும்போது பொங்கல் முடிந்து கரும்புச் சக்கை காய்ந்திருந்தது. அந்த வருடம் அவ்வளவுதான். பாஸ்போர்ட் என்பது பறக்கப் போகிறவனுக்குத்தான் என்று நானும் நினைத்திருந்தேன். பரீட்சை எழுதுவதற்கே அது வேண்டும் என்பதை ஒரு மாணவியின் ஒரு வருடத்தைத் தொலைத்துக் கற்றுக்கொண்டேன். இப்போது முதலாண்டு மாணவர்களிடம் வகுப்பில் முதல் வாரமே சொல்லிவிடுகிறேன். சிரிக்கிறார்கள்.

அடுத்த வருடம் தேர்வு எழுதினாள். கட்டணம் 17,000 ரூபாய் அளவில். அந்த 2024-25 ஆம் ஆண்டில் நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டுக்கு நிர்ணயித்திருந்த நாள் கூலி 319 ரூபாய். முழுக் கூலியும் ஒரு பைசா குறையாமல் வந்ததாக வைத்துக்கொண்டாலும், அவள் அம்மா ஐம்பத்து மூன்று நாள் வெயிலில் நின்ற காசு. அந்தக் காசுக்குக் கிடைக்கும் தாளுக்கு ஆயுள் இரண்டு வருடம்.

முடிவு வந்தது. படிப்பதில் 7, கேட்பதில் 7, பேசுவதில் 6.5, எழுதுவதில் 5.5. கூட்டி நான்கால் வகுத்தால் சரியாக 6.5. ஸ்வீட் வாங்கிக்கொண்டு வந்தாள். நான்தான் அந்த விதியைத் திரும்பப் படித்துக் காட்ட வேண்டியிருந்தது: மொத்தம் 6.5, எந்தப் பிரிவிலும் 6க்குக் கீழே கூடாது. வாங்கி வந்த மைசூர்பாகை இரண்டு பேரும் சாப்பிட்டோம், என்ன செய்வது.

எழுத்துப் பிரிவில் மட்டும் ஏன் விழுந்தாள் என்று அவளுடைய பயிற்சிக் கட்டுரைகளை எடுத்துப் பார்த்தேன். இந்தப் பிரிவில் ஒரு மணி நேரத்தில் இரண்டு எழுத வேண்டும். இரண்டாவது, குறைந்தது 250 சொல்லில் ஒரு கட்டுரை. யூடியூபில் பார்த்து மனப்பாடம் செய்த வாக்கியங்களை அவள் எல்லாக் கட்டுரைக்கும் தலையிலும் வாலிலும் ஒட்டியிருந்தாள். "இன்றைய நவீன உலகில்" என்று ஆரம்பிக்கும் அந்த ஆங்கில வாக்கியத்தைப் பதினொரு கட்டுரையில் எண்ணினேன். திருத்துகிறவர்கள் இதை ஒரு நொடியில் மோப்பம் பிடித்துவிடுவார்கள். ஆனால் ஒரு கட்டுரையின் நடுவில், பொதுவிநியோகத்தில் கைரேகை வைப்பது பற்றி ஒரு பத்தி இருந்தது. சிமெண்ட் வேலை செய்கிற அப்பாவின் விரல் ரேகையை இயந்திரம் ஏற்காததால் ரேஷன் கடையிலிருந்து மூன்று முறை திரும்பி வந்ததை எழுதியிருந்தாள். ஆங்கிலம் சாதாரண ஆங்கிலம்தான். இரண்டு இடத்தில் இலக்கணப் பிழை. ஆனால் படித்தால் அந்தக் கடை வரிசை கண்ணில் தெரிந்தது. இந்தப் பெண்ணுக்கு எழுத வரும். எழுதியதைப் படித்துப் பார்த்து, "இது நல்லா இருக்கு, அது வேண்டாம்" என்று சொல்ல ஓர் ஆள் மூன்று மாதம் கிடைத்திருந்தால் போதும். நான் வேதியியல்காரன், அந்த வேலைக்கு நான் அரைகுறை.

எழுத்துப் பிரிவை மட்டும் திரும்ப எழுதும் வசதி இப்போது வந்திருக்கிறது. அதற்கும் தனிக் கட்டணம். வீட்டில் கேட்க அவளுக்கு வாய் வரவில்லை.

இந்த இடத்தில் உங்களில் சிலர் கேட்கலாம், ஆங்கிலத்தில் படிக்கப் போகிறவளுக்கு ஆங்கிலம் தெரிய வேண்டாமா என்று. தெரிய வேண்டும். அதில் எனக்கு மறுப்பே இல்லை. நான் கேட்பது வேறு: அதை எந்தக் கட்டத்தில், யார் காசில் நிரூபிக்க வேண்டும்?

கொரிய அரசின் உதவித்தொகையை எடுத்துக்கொள்ளுங்கள். பட்டமேற்படிப்புக்குத் தேர்வாகிறவருக்குக் கொரிய மொழி ஒரு வார்த்தை தெரியாவிட்டாலும் பரவாயில்லை. முதல் ஒரு வருடம் அவர்கள் செலவில் மொழி சொல்லித் தருகிறார்கள். டோபிக் என்ற கொரிய மொழித் தேர்வில் மூன்றாம் நிலை தேறிய பிறகு படிப்பு தொடங்கும். துருக்கி அரசும் அப்படித்தான், ஒரு வருடம் துருக்கிய மொழி. ஜப்பானியக் கல்வி அமைச்சகத்தின் மெக்ஸ்ட் உதவித்தொகையில் ஆராய்ச்சி மாணவராகப் போகிறவர்களுக்கு, தேவைப்பட்டால் முதல் ஆறு மாதம் மொழிப் பயிற்சிதான். ஜெர்மனியின் கல்விப் பரிமாற்ற அமைப்பான டி.ஏ.ஏ.டி., தான் தேர்ந்தெடுத்த மாணவருக்குப் படிப்பு தொடங்குமுன் இரண்டு, நான்கு அல்லது ஆறு மாத ஜெர்மன் வகுப்புக்குப் பணம் தருகிறது. இவர்கள் எல்லோரும் ஆளை முதலில் பார்க்கிறார்கள், மொழியைப் பிறகு கொடுக்கிறார்கள். பிரிட்டன் அரசின் செவனிங் உதவித்தொகை கூட, விண்ணப்பிக்கும்போது தன் சார்பில் ஆங்கிலச் சான்றிதழ் கேட்பதை நிறுத்திவிட்டது. பல்கலைக்கழகம் கேட்கும், அதை நேர்முகம் எல்லாம் தாண்டிய பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

கடைசியாகச் சொன்னது எங்கள் பக்கம் யாருக்கும் தெரிவதில்லை. "முதல்ல ஐஇஎல்டிஎஸ் முடி, அப்புறம் பார்ப்போம்" என்பதுதான் கோச்சிங் சென்டர் முதல் பக்கத்து வீட்டு அண்ணன் வரை எல்லோரும் சொல்லும் யோசனை. எந்த உதவித்தொகை, எந்த மாதம் திறக்கிறது, சான்றிதழை எந்தக் கட்டத்தில் கேட்கிறது என்று பார்க்காமல் பதினேழாயிரத்தைக் கட்டிவிட்டு, பிறகு செவனிங்குக்கு 2,800 மணி நேர வேலை அனுபவம் வேண்டும் என்று கண்டுபிடித்து உட்கார்ந்திருக்கிற பையன்களை எனக்குத் தெரியும். அதற்குள் அந்தத் தாளுக்கு ஆயுள் முடிந்துவிடும்.

நம் பக்கத்து நிலைமைக்கு வருகிறேன். பட்டியலின மாணவர்களுக்கும் வேறு சில பிரிவினருக்கும் ஒன்றிய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகை இருக்கிறது. ஆண்டுக்கு 125 இடம். குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் இருக்க வேண்டும், உலகத் தரவரிசையில் முதல் 500க்குள் உள்ள பல்கலைக்கழகத்தில் நிபந்தனையற்ற சேர்க்கைக் கடிதம் வாங்கியிருக்க வேண்டும். நிபந்தனையற்ற என்றால் என்ன? மொழித் தேர்வு முடிந்திருக்க வேண்டும், இறுதி மதிப்பெண் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும், சில இடங்களில் முன்பணமும் கட்டியிருக்க வேண்டும். ஏழை என்பதற்காகத் தரும் பணத்தை வாங்க, ஏழை முதலில் இவ்வளவும் செலவழித்திருக்க வேண்டும். தமிழ்நாட்டில் அண்ணல் அம்பேத்கர் பெயரிலான அயல்நாட்டு உயர்கல்வித் திட்டத்தில் ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்களுக்கு 36 லட்சம் ரூபாய் வரை தருகிறோம். மனதாரப் பாராட்டுகிறேன். இந்தியாவில் வேறு மாநிலத்துக்காரர்களிடம் சொன்னால் நம்ப மாட்டேன் என்கிறார்கள். ஆதிதிராவிடர் வீட்டுவசதி மற்றும் மேம்பாட்டுக் கழகமான தாட்கோ வழியாக மொழித் தேர்வுப் பயிற்சியும் அந்தப் பிள்ளைகளுக்கு வந்திருக்கிறது. ஆனால் 36 லட்சத்துக்கும் மாணவிக்கும் நடுவில் ஒரு 25,000 ரூபாய் பள்ளம் இருக்கிறது. பாஸ்போர்ட் 1,500. தேர்வு 17,000க்கு மேல், இப்போது இன்னும் ஏறியிருக்கிறது. மதிப்பெண் விவரச் சான்று, பயிற்றுமொழிச் சான்று, தூதஞ்சல் இரண்டு மூவாயிரம். சென்னைக்கோ மதுரைக்கோ திருச்சிக்கோ போய்வர, துணைக்கு அப்பாவும் வர, இன்னொரு ரெண்டாயிரம். இருபத்தைந்து இல்லாவிட்டாலும் இருபத்து மூன்றுக்குக் குறையாது.

வருடத்துக்கு ஆயிரம் பேருக்கு இதைக் கொடுத்தால் இரண்டரைக் கோடி. உங்கள் துறையின் வரவு செலவில் இது எந்த மூலைக்கு என்று எனக்குச் சொல்லத் தேவையில்லை. ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்: "முதலில் கட்டுங்கள், ரசீது காட்டினால் திருப்பித் தருகிறோம்" என்று வைத்துவிடாதீர்கள். கையில் பதினேழாயிரம் இருக்கிறவளுக்கு அந்தத் திட்டம் தேவையே இல்லை. கட்டணத்தைக் கல்லூரியே நேராகத் தேர்வு நடத்துகிறவர்களுக்குக் கட்டட்டும். யாருக்கு என்று தேர்ந்தெடுக்க வேண்டுமானால் கல்லூரியில் ஒரு சின்னத் தேர்வும் நேர்முகமும் வைத்துக்கொள்ளட்டும்.

பணத்தைப் பற்றி இத்தோடு போதும். காகிதத்தைப் பற்றிச் சொல்லவே இந்த மடலை ஆரம்பித்தேன், ஏனென்றால் அதற்குப் பணமே வேண்டாம்.

பல வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள், பட்டப்படிப்பை ஆங்கில வழியில் படித்ததாகக் கல்லூரி எழுத்தில் கொடுத்தால் மொழித் தேர்விலிருந்து விலக்கு தருகின்றன. எராஸ்மஸ் முண்டஸ் படிப்புகளிலும் சில இதை ஏற்கின்றன. இதற்கு ஒரே ஒரு பக்கம் போதும். ஆனால் நம் ஊரில் இந்த ஒரு பக்கம் ஒவ்வொரு கல்லூரியிலும் ஒவ்வொரு மாதிரி வருகிறது. ஓரிடத்தில் நற்சான்றிதழின் கடைசி வரியாக வருகிறது. ஓரிடத்தில் முதல்வர் கையெழுத்து இருக்கும், தேதி இருக்காது. எங்கள் மாணவன் ஒருவனுக்கு எல்லாம் சரியாக இருந்தது. சரிபார்க்க அலுவலக மின்னஞ்சல் முகவரி இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். கல்லூரிக்கு அப்போது இருந்த முகவரி, முன்னாள் எழுத்தர் ஒருவர் தன் பெயரில் தொடங்கியது. அவர் ஓய்வுபெற்றபோது கடவுச்சொல்லும் அவரோடு போய்விட்டது.

சரி, தமிழ்வழியில் படித்தவர்கள்? இங்கே ஒரு வேடிக்கை இருக்கிறது. 2010 ஆம் ஆண்டுச் சட்டப்படி, தமிழ்வழியில் படித்தவர்களுக்கு அரசு வேலையில் 20 சதவீத முன்னுரிமை உண்டு. அதற்கான தமிழ்வழிச் சான்றிதழ் வாங்க எங்கள் அலுவலக வாசலில் கூட்டம் நிற்கும். நியாயமான சட்டம், அதை ஒரு நாளும் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஒரே ஆள் ஒரு ஜன்னலில் தமிழ்வழி என்று வாங்கும் தாளே, அடுத்த ஜன்னலில் வெளிநாட்டுக் கதவை அடைத்துவிடுகிறது. பதினேழு வயதில், எந்தப் பிரிவில் இடம் இருக்கிறதோ அதில் சேர்ந்த பையனுக்கு இது தெரியாது. தமிழ்வழியில் படித்ததற்காக அவன் ஒன்றும் இழக்கக் கூடாது என்று நாம் உண்மையாகவே நினைத்தால், தேர்வுக் கட்டணத்தில் முதல் உரிமை அவனுக்குத்தான் வர வேண்டும். விலக்குக் கடிதம் வாங்கவே முடியாதவன் அவன்தானே.

இன்னொரு உண்மையையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். ஆங்கில வழி வகுப்பிலும் நான் கரும்பலகையில் ஆங்கிலத்தில் எழுதி, வாயால் தமிழில்தான் விளக்குகிறேன். என் சக ஆசிரியர்கள் பலரும் அப்படித்தான். பாடம் புரிய அதுதான் வழி, அதற்காக வெட்கப்படவில்லை. ஆனால் விளைவு என்ன? என் மாணவர்கள் ஆங்கிலத்தில் ஆராய்ச்சிக் கட்டுரை படிப்பார்கள், பரீட்சை எழுதுவார்கள். ஆங்கிலத்தில் ஒருவரோடு பத்து நிமிடம் சேர்ந்தாற்போல் பேசியிருக்க மாட்டார்கள். ஐஇஎல்டிஎஸ் பேச்சுத் தேர்வு பதினொன்றிலிருந்து பதினான்கு நிமிடம். பலருக்கு வாழ்க்கையில் முதல் ஆங்கில உரையாடலே அதுவாக இருக்கிறது. அரசின் "நான் முதல்வன்" திறன் பயிற்சித் திட்டம் வந்த பிறகு ஆங்கிலப் பயிற்சி கல்லூரிக்குள் வந்திருக்கிறது, நல்லது. அதோடு வாரம் இரண்டு மணி நேரம், பத்துப் பேர் வட்டமாக உட்கார்ந்து பேசுவதற்கு ஓர் ஆளைப் போடுங்கள். திரையைப் பார்த்துச் சரியான விடையைச் சொடுக்கினால் வாய் திறக்காது.

அடுத்தது பெயர். இதைச் சொன்னால் சின்ன விஷயம் என்று நினைப்பீர்கள்; என் நேரத்தில் பாதியைத் தின்பது இதுதான். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, தலைப்பெழுத்துதான். பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் செல்வி எம். ஆதாரில் செல்வி மாரிமுத்து. பாஸ்போர்ட்டில் ஏஜென்ட் நிரப்பியபடி, பெயர் செல்வி, குடும்பப் பெயர் மாரிமுத்து. பட்டச் சான்றிதழில் எம். செல்வி. வெளிநாட்டு விண்ணப்பத்தில் குடும்பப் பெயர்க் கட்டத்தை நிரப்பாமல் அடுத்த பக்கம் போக முடியாது. அதை நிரப்பினால் மதிப்பெண் பட்டியலோடு ஒத்துப்போகாது. சிலர் அந்தக் கட்டத்தில் புள்ளி வைக்கிறார்கள், சிலர் தன் பெயரையே இரண்டு முறை எழுதுகிறார்கள். செல்விக்கு ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து வந்த மின்னஞ்சல் "அன்புள்ள மிஸ் மாரிமுத்து" என்று ஆரம்பித்தது. அதை அவள் அப்பாவிடம் காட்டியிருக்கிறாள். "எனக்கு எதுக்கும்மா லெட்டர் போட்டிருக்கான், நான் போய் அங்கே என்ன கட்டப் போறேன்" என்று கேட்டாராம். சிரித்து முடித்த பிறகு, செல்வி எம். என்பவளும் செல்வி மாரிமுத்து என்பவளும் ஒரே ஆள்தான் என்று நோட்டரி முன்னால் உறுதிமொழிப் பத்திரம் எழுத அறுநூறு ரூபாய் ஆயிற்று.

இதற்கு வழி இருக்கிறது. கல்லூரியில் சேரும்போதே ஒரு கட்டம் கூடுதலாக வையுங்கள்: தலைப்பெழுத்தின் விரிவு. பட்டச் சான்றிதழிலும் மதிப்பெண் விவரச் சான்றிலும் "செல்வி எம் (மாரிமுத்து)" என்று அச்சாகட்டும். ஒரு அடைப்புக்குறி, அவ்வளவுதான். பாஸ்போர்ட் எடுக்கும்போது அதைப் பார்த்து நிரப்பிக்கொள்வார்கள்.

தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர்களுக்கு ஒரு வேண்டுகோள். வெளிநாட்டுக் கடைசித் தேதிகள் நம் நாட்காட்டியைப் பார்த்து வருவதில்லை. எராஸ்மஸ் படிப்புகளில் பெரும்பாலானவை அக்டோபரிலிருந்து ஜனவரிக்குள் மூடிவிடும். செவனிங் ஆகஸ்டில் திறந்து இலையுதிர் காலத்தில் மூடும். மெக்ஸ்ட் தூதரக வழி விண்ணப்பம் கோடை மாதங்களில். எங்கள் மாணவன் ஒருவன் மதிப்பெண் விவரச் சான்றுக்காக ஒரு பல்கலைக்கழகத்துக்கு நாலு மணி நேரம் பஸ்ஸில் போனான். ஐந்தாம் எண் ஜன்னலில் சலான் வாங்கி, வங்கியில் கட்டி, திரும்பி வந்து ஏழாம் எண் ஜன்னலில் கொடுத்தான். சான்று தயார், கையெழுத்தும் ஆகிவிட்டது. ஆனால் வெளிநாட்டுக்குப் போவதால் உறையில் அரக்கு முத்திரை வைக்க வேண்டும். முத்திரை வைக்கிறவர் மகள் வளைகாப்புக்குப் போயிருந்தார், முத்திரை அவர் பீரோவில். திங்கட்கிழமை வரச் சொன்னார்கள். கடைசித் தேதி ஞாயிறு. வளைகாப்புக்குப் போனவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஒரு பீரோச் சாவியில் ஒரு பையனின் வருடம் தொங்கும்படி வைத்திருக்கிறோமே, அதுதான் கோபம். இன்று கிட்டத்தட்ட எல்லாப் பல்கலைக்கழகங்களும் மின்னணுப் பிரதியை ஏற்கின்றன. பல்கலைக்கழகத்தின் அலுவல் முகவரியிலிருந்து போனால் போதும். விண்ணப்பித்த பத்து வேலை நாளில் அனுப்புவோம் என்று ஒரு வரி அறிவித்துவிட்டால், இந்த ஊர்ப் பிள்ளைகள் அதைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் ஒட்டிவைத்துக்கொள்வார்கள்.

ஆங்கிலத்தைத் தாண்டி மற்ற மொழிகளைப் பற்றியும் இரண்டு வார்த்தை. சென்னையில் நுங்கம்பாக்கத்தைச் சுற்றி நடந்தாலே ஜெர்மனுக்கு கோதே நிறுவனம், பிரெஞ்சுக்கு அலியான்ஸ் பிரான்சேஸ். கொரிய மொழிக்கு இன்கோ மையம். ஜப்பானியத்துக்கு ஏபிகே-ஏஓடிஎஸ் தோசோகாய். ஜூலையிலும் டிசம்பரிலும் ஜே.எல்.பி.டி. என்ற ஜப்பானிய மொழித் தேர்வு. சென்னைப் பிள்ளை காலேஜ் முடிந்து மெட்ரோவில் போய்ப் படித்துவிட்டு வீட்டுக்கு வந்து சாப்பிடலாம். எங்கள் பிள்ளைக்கு வாட்ஸ்அப்பில் வரும் விளம்பரம்தான் கதி: "மூன்றே மாதத்தில் பி1, வேலை உறுதி". பி1 என்பது ஜெர்மனில் இடைநிலை, அது வேலை பார்த்துக்கொண்டே மூன்று மாதத்தில் வருவதில்லை. படிக்கிறவர்களைக் கேட்டால் ஒரு வருடம் என்பார்கள். இந்த விளம்பரத்தை நம்பி நாற்பதாயிரம் கட்டிவிட்டு, தொடக்க நிலையான ஏ1 தேர்வுக்குக்கூடப் போகாமல் நிற்பவர்கள் எங்கள் தெருவிலேயே இரண்டு பேர். மூன்று அரசுக் கல்லூரிக்கு ஒரு ஜெர்மன் ஆசிரியர், ஒரு ஜப்பானிய ஆசிரியர் என்று சுற்றில் வரும்படி செய்ய முடியாதா? ஜே.எல்.பி.டி. தேர்வில் பேச்சும் கிடையாது, எழுத்தும் கிடையாது, கேட்பதும் படிப்பதும்தான். கூச்ச சுபாவமுள்ள எங்கள் பிள்ளைகளுக்கு எளிய முதல் இரண்டு நிலையும் எட்டாத உயரம் இல்லை என்று நான் நினைக்கிறேன். தமிழ் பேசுகிறவர்களுக்கு ஜப்பானிய வாக்கிய அமைப்பு பாதி பழகியது போல் இருக்கும். வினை கடைசியில் வரும், வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டும். ஆங்கிலத்தில் திணறிய ஒருவன் அதை வேகமாகப் பிடித்துக்கொண்டதைப் பார்த்திருக்கிறேன்.

போனவர்கள் திரும்பி வர மாட்டார்கள், அவர்களுக்கு ஏன் நம் காசு என்று ஒரு கூட்டத்தில் என்னிடமே கேட்டார்கள். செவனிங்கில் போனவர் படிப்பு முடிந்து இரண்டு வருடம் சொந்த நாட்டில் இருக்க வேண்டும் என்பது விதி. அமெரிக்காவின் ஃபுல்பிரைட்டிலும் இரண்டு வருட விதி உண்டு. மற்றவர்கள் வராமல் போகலாம். போகட்டும். பொறியியல் முடித்து வசதியான வீட்டுப் பிள்ளைகள் அப்பா காசில் விமானம் ஏறும்போது யாரும் இந்தக் கேள்வியைக் கேட்பதில்லை.

செல்வி இப்போது பக்கத்து ஊரில் ஒரு டியூஷன் சென்டரில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வேதியியல் எடுக்கிறாள். மாதம் ஒன்பதாயிரம். அவளுடைய 6.5 தாளின் ஆயுள் 2026 நவம்பரில் முடிகிறது. போன வாரம் பேசியபோது, பயிற்றுமொழிக் கடிதத்தை ஏற்கும் ஒரு படிப்பைக் கண்டுபிடித்திருப்பதாகச் சொன்னாள். பி.எஸ்சி. ஆங்கில வழிதான் சார், கடிதம் கிடைக்குமா என்றாள்.

அதற்காக நானே ஒரு மாதிரிப் படிவம் தட்டச்சு செய்திருக்கிறேன். ஒரு பக்கம். மாணவர் பெயர் தலைப்பெழுத்து விரிவோடு, பாஸ்போர்ட் எண், படித்த வருடங்கள், பாடம் நடத்திய மொழி, தேர்வு எழுதிய மொழி, சரிபார்க்க அலுவலக மின்னஞ்சல், கையெழுத்து, தேதி. எங்கள் முதல்வர் பார்த்துவிட்டு, மேலிடத்திலிருந்து சுற்றறிக்கை வந்தால் உடனே கையெழுத்துப் போடுகிறேன் என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது; தணிக்கைக்கு அவர்தான் பதில் சொல்ல வேண்டும். இந்த மடலின் நகலோடு அந்தப் படிவத்தையும் பதிவஞ்சலில் உங்கள் அலுவலகங்களுக்கு அனுப்பியிருக்கிறேன். திருத்த வேண்டியது இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். சுற்றறிக்கை செப்டம்பருக்குள் வந்தால் இந்த வருட விண்ணப்பங்களுக்கு உதவும்.

இப்படிக்கு,
வேதியியல் துறை ஆசிரியர் ஒருவர்,
அரசுக் கலை அறிவியல் கல்லூரி